பிறந்தது திருவொற்றியூர், போனது எடைக்கு

1956-ம் வருஷம் முடிந்தபோது திருவொற்றியூர் தொழிற்சாலையில் தயாராகியிருந்த புல்லட்டுகள் மொத்தம் 163. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்பனைக்கு அனுப்பினார்கள். அந்த 163-ல் ஒன்று இன்றைக்கும் யார் வீட்டு மாடிப்படிக்கு அடியிலாவது சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கலாம். அல்லது எப்போதோ ஒரு காயலான் கடையில் உடைபட்டு, உருக்கு ஆலைக்குப் போய், கம்பியாகி, யாரோ கட்டிய வீட்டின் கான்கிரீட்டுக்குள் கிடக்கலாம். வடசென்னையின் பழைய இரும்பு வியாபாரத்தைப் பார்த்தவர்கள் இரண்டாவது பக்கம்தான் பந்தயம் கட்டுவார்கள்.

உலகத்தில் பழைய வண்டிகளுக்கு நடக்கும் ஏலமே வேறு. 2022 மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்த ஏலத்தில், 1955-ல் தயாரான 300 எஸ்.எல்.ஆர். உலென்ஹவுட் கூப்பே கார் 13.5 கோடி யூரோவுக்குப் போனது. இதுவரை ஏலத்தில் எந்தக் காருக்கும் கிடைக்காத தொகை அது. மோட்டார் சைக்கிள்கள் அந்த உயரத்துக்குப் போவதில்லை. ஆனால் 2023 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் 1908-ம் வருஷத்து ஹார்லி டேவிட்சன் ஒன்றை 9,35,000 டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அதற்கு 5 வருஷம் முன்பு அதே ஊரில் 1951 வின்சென்ட் பிளாக் லைட்னிங் 9,29,000 டாலருக்கு விலைபோனது. இவ்வளவு பணமும் வண்டியில் உள்ள இரும்புக்குக் கொடுத்தது இல்லை. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்தப் பந்தயத்தில் ஓடியது, இன்ஜின் அன்றைக்குப் பூட்டிய அதே இன்ஜின்தானா என்று சொல்லும் காகிதக் கட்டுக்குத்தான் அந்த விலை.

நம் ஊரில் முதலில் காணாமல் போவதே அந்தக் காகிதக் கட்டுதான்.

துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை

மோட்டார் வண்டிச் சரித்திரத்தில் வடசென்னைக்குப் பெரிய இடம் உண்டு. சென்னையில் முதலில் பதிவான காரின் எண் எம்.சி.-1. அதன் சொந்தக்காரர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்தவர். கணித மேதை ராமானுஜன் அங்கே குமாஸ்தாவாக வேலை பார்த்தபோது அவருக்குத் துணைநின்ற அதே ஸ்பிரிங் துரைதான்.

சுதந்திரம் வந்து ஒரு வருஷத்தில், 1948 செப்டம்பரில், ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். எண்ணூரில் பூட்டப்பட்ட முதல் வண்டி லாரி இல்லை, ஆஸ்டின் ஏ-40 என்ற குட்டிக் கார். இது இன்றைய தலைமுறைக்குச் செய்தியாகவே இருக்கும். பிறகு லேலண்டு கோமெட் லாரிகள் வந்தன. 1955-ல் பிரிட்டனின் லேலண்டு மோட்டார்ஸ் பங்குதாரராகச் சேர்ந்ததும் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்டு ஆனது. கார் வேலை அதோடு முடிந்துபோனது. அதனால் எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின் ஒன்று அதற்கான காகிதங்களோடு கிடைத்தால், சேகரிப்பாளர்கள் அதை லேசில் விடமாட்டார்கள்.

இங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் திருவொற்றியூர். 1946-ல் அங்கே ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். ஆகி டயருக்குப் போனது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் நகரின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, தொழிற்சாலைக்கு இடம் பார்த்ததும் திருவொற்றியூரில்தான். லாரி, டயர், மோட்டார் சைக்கிள் மூன்றும் ஒரே கடற்கரைச் சாலையை ஒட்டித் தயாராயின. பாகங்கள் வந்து இறங்கத் துறைமுகம் பக்கத்திலேயே இருந்தது.

1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு கதையே முடிந்துவிட்டது. திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து பிரிட்டனுக்கே புல்லட் ஏற்றுமதியானது. தாய்வீட்டில் அடுப்பணைந்த பிறகு மகள் வீட்டிலிருந்து சாப்பாடு போன கதை இது.

ஒரு உதை, ஒரு நம்பர்

பழைய புல்லட்டை விலை பேச வருகிறவர் முதலில் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. பெயின்ட்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அவர் குனிந்து, இன்ஜின் கேஸில் பொறித்த எண்ணையும் ஹேண்டில்பாருக்குக் கீழே சேஸிஸில் பொறித்த எண்ணையும் துணியால் துடைத்துவிட்டு, மேலே ஒரு காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்ப்பார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுக்கும் அதே பென்சில் பிரிண்ட்தான். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழவேண்டும். ஒரு எண் மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தாலோ, சுற்றியுள்ள இடம் அரம் போட்டதுபோல வழவழவென்று இருந்தாலோ, பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எண்ணை அழித்துப் புதிதாகப் பஞ்ச் அடித்த வண்டி திருட்டு வண்டியாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் சேகரிப்பாளருக்கு அது உதவாது.

அடுத்தது ஸ்டார்ட் செய்து காட்டும் சடங்கு. சாவியைத் திருப்ப வேண்டும். இடது கைப்பக்கம் உள்ள டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள அம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்க வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. தெரிந்தவர் உதைத்தால் முதல் உதையிலேயே டப் டப் என்று பிடித்துக்கொள்ளும். தெரியாதவர் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். அதில் கணுக்கால் வீங்கியவர்கள் இந்த ஊரில் நிறைய. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய பிள்ளைகளைப் பழைய புல்லட்டில் ஏற்றினால் சிக்னலில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள்.

புல்லட்டைச் சேகரிப்பதில் விசித்திரமான சிக்கல் ஒன்று உண்டு. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த வண்டியின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவே இல்லை. அதனால் 1980-களின் இன்ஜினைத் தூக்கி 1950-களின் சேஸிஸில் வைத்தாலும் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். மெக்கானிக்குக் கொண்டாட்டம், சேகரிப்பாளருக்குத் திண்டாட்டம். ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக மூன்று தலைமுறை மெக்கானிக்குகள் நல்ல மனதோடு பாகம் மாற்றி மாற்றி, பிறந்த கோலத்தில் ஒரு வண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. அமல் கார்பரேட்டர் போய் ஜப்பான் டிசைன் வந்தது. லூகாஸ் சுவிட்ச் போய் பிளாஸ்டிக் வந்தது. ஒரிஜினல் பாகங்கள் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளுக்குப் போயின. இன்று அதே பாகங்களைத் தேடி அதே புதுப்பேட்டைக்குப் போய், அன்று விற்றதைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்கி வருகிறார்கள்.

புல்லட் மட்டுமே புராணமாகிவிட்டதால் திருவொற்றியூரின் மற்ற பிள்ளைகளை ஊர் மறந்துவிட்டது. ஃபென்டாபுலஸ் என்று ஒரு 175 சி.சி. ஸ்கூட்டர் இருந்தது. குருசேடர், ஷெர்பா, மினி புல்லட் என்று வரிசையாக வந்தன. மோஃபா என்று சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி ஒரு மொபெட்டும் உண்டு. ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனியிடம் உரிமம் வாங்கி, ராணிப்பேட்டையில் இன்னொரு தொழிற்சாலை போட்டு, சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர், ஃப்யூரி வண்டிகளைச் செய்தார்கள். பிறகு 325 சி.சி. டீசல் இன்ஜினோடு டாரஸ் வந்தது. ஆறரை குதிரைத்திறன்தான். மேட்டில் மூச்சு வாங்கும், ஆனால் டீசல் பங்க் பக்கம் அடிக்கடி போகவேண்டியதில்லை. ஊர் ஊராகப் பால் கேனும் சிலிண்டரும் கட்டிக்கொண்டு ஓடிய வண்டி. உழைத்தே தேய்ந்தவை என்பதால் நல்ல நிலையில் மிஞ்சியவை குறைவு. என் கணக்கில், இன்னும் இருபது வருஷத்தில் புல்லட்டைவிட இவற்றைத்தான் ஆட்கள் தேடுவார்கள்.

ஒரு தரம், இரண்டு தரம்

இந்தியாவின் பழைய வண்டிகளில் ஒரு பெரும்பகுதி சேகரிப்பாளர் கைக்கு வந்ததே அரசாங்க ஏலத்தின் வழியாகத்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்ற ஜீப்புகள், நார்ட்டன், பி.எஸ்.ஏ., மேட்ச்லெஸ் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் டிஸ்போசல் விற்பனையில் போயின. எஸ்டேட்காரர்களும் டூரிங் டாக்கீஸ்காரர்களும் அவற்றை வாங்கி ஓட்டினார்கள். பிறகு ராணுவம் கழித்த புல்லட்டும் ஜபல்பூரில் செய்த ஜோங்கா ஜீப்பும் ஏலத்துக்கு வந்தன. அரசு அலுவலக ஜீப்பும் அம்பாசிடரும் அதே வழியில் வெளியே வந்தவை.

ஏல அறிவிப்பின் மொழி இன்றும் மாறவில்லை. ‘கழிவு செய்யப்பட்ட வாகனங்கள் உள்ளது உள்ளபடி பொது ஏலத்தில் விடப்படும்’ என்று இருக்கும். மதுவிலக்கு வழக்கில் பறிமுதலானவை, காவல் நிலைய வாசலில் கேட்பாரற்றுக் கிடந்தவை, ஏதோ ஒரு துறை ஓட்டி முடித்தவை, துறைமுகத்தில் யாரும் வந்து எடுக்காமல் போன சரக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏலம். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். குறிப்பிட்ட நாளில் போய்ப் பார்க்கலாம், ஸ்டார்ட் செய்து பார்க்க முடியாது. முன்பெல்லாம் மைதானத்தில் நாற்காலி போட்டு ‘ஒரு தரம், இரண்டு தரம், மூணு தரம்’ என்று விடுவார்கள். வியாபாரிகள் டீக்கடையிலேயே பேசி முடித்துவிட்டு வந்து, ஆளுக்கு ஒரு லாட்டில் மட்டும் கை தூக்குவதும் நடந்தது. சிண்டிகேட் என்பார்கள். மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் நடத்தும் இணைய ஏலம் வந்தபிறகு அந்த டீக்கடைக்கு வேலை குறைந்தது. 1964-ல் உலோகக் கழிவு வியாபாரத்துக்காகக் கல்கத்தாவில் தொடங்கிய நிறுவனம் அது. கடைசி நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் ஏல நேரமும் தானாகக் கொஞ்சம் நீளும்.

சேகரிப்பாளருக்கு இங்கே உள்ள பெரிய தடை, லாட். இருபது வண்டிகளைச் சேர்த்து ஒரு லாட் போட்டிருப்பார்கள். அதில் பத்தொன்பது துருப்பிடித்த மொபெட், ஒன்று மட்டும் 1960-களின் புல்லட். அந்த ஒன்றுக்காக இருபதையும் எடுத்து, லாரி பிடித்து, குறித்த நாளுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். இரும்பு வியாபாரிக்கு அது தினசரி வேலை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கிறவருக்கு நடக்காத காரியம். அதனால் அவர் ஏலம் எடுத்த வியாபாரியைத் தேடிப் போவார். அங்கே ஒரு கண்ணாமூச்சி ஆட்டம். ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறும், காட்டாமல் நாளைக் கடத்தினால் வண்டி கேஸ் கட்டருக்குப் போய்விடும்.

கடற்காற்று வேறு. எண்ணூர், காசிமேடு பக்கம் திறந்த வெளியில் நிற்கும் வண்டியை உப்பு தின்றுவிடும். மேலே பார்த்தால் ஆள் மாதிரி நிற்கும், மட்கார்டுக்கு அடியில் விரலை வைத்தால் விரல் உள்ளே போகும். வழக்கு முடிவதற்குள் வண்டி முடிந்துவிடும் என்று ஏலத்துக்குப் போகிறவர்கள் சொல்வது வெறும் கேலி இல்லை.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷம் கடந்த, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் மாநிலக் குறியீட்டுக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்ற இரண்டு எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். வாங்கலாம், விற்கலாம். இரு தரப்பும் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்தால் போதும். ஏலச் சந்தைக்கு இது பெரிய பலம். அதுவரை பழைய வண்டியின் காகிதம் ஆளுக்கு ஆள், அலுவலகத்துக்கு அலுவலகம் மாறிக்கொண்டிருந்தது.

ஆனால் அதே அரசின் இன்னொரு கை வேறு வேலை செய்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவை அங்கீகாரம் பெற்ற உடைப்புக் கூடங்களுக்குத்தான் போகவேண்டும். அரசு அலுவலக ஜீப்பும் அம்பாசிடரும் சேகரிப்பாளர் கைக்கு வந்த வழி அதோடு அடைபட்டது. தனியார் வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டிய மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 2,000 ரூபாய், காருக்கு 10,000. ஆக, 15-ல் கழித்துக் கட்டப் பார்க்கிறார்கள், 50-ல் மாலை போடுகிறார்கள். நடுவில் உள்ள 35 வருஷமும் வண்டி யார் தயவில் உயிரோடு இருப்பது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1993-ல் வாங்கிய டாரஸ் டீசல் புல்லட் 2043-ல்தான் விண்டேஜ் ஆகும். சென்னையில் தயாராகி, ஓடியதைவிட நின்றதே அதிகம் என்று பெயரெடுத்த 1985 ஸ்டாண்டர்டு 2000 காருக்கு 2035. 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் கடைசி வண்டிக்கு 2064. அதற்குள் எத்தனை முறை எஃப்.சி., எத்தனை முறை கட்டண உயர்வு!

ஏற்றுமதிச் சட்டத்திலும் ஒரு ஓட்டை தெரிகிறது. 1950-க்கு முந்தைய கார்களையும் 1940-க்கு முந்தைய மோட்டார் சைக்கிள்களையும் உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தொல்பொருள் சட்டமோ 100 வருஷம் ஆனதைத்தான் கவனிக்கும். 1956-ன் திருவொற்றியூர் புல்லட் இரண்டிலும் சேராது. அந்த 163-ல் ஒன்று கிடைத்து, அதற்கு நல்ல விலை வெளிநாட்டில்தான் என்றானால், பெட்டியில் வந்த வண்டி பெட்டியிலேயே திரும்பிப் போவதைத் தடுக்கச் சட்டத்தில் எதுவும் இல்லை.

பழமைக்கு மவுசு இருப்பது ராயல் என்ஃபீல்டு கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். போரில் பாராசூட்டில் இறக்கிய ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ வண்டியின் நினைவாக 2018-ல் வந்த பெகாசஸ் பதிப்பில் இந்தியாவுக்கு ஒதுக்கியது 250. இணையத்தில் 178 விநாடியில் தீர்ந்துபோனது. 2021 டிசம்பரில் 120-வது ஆண்டுப் பதிப்பில் இந்தியாவுக்கு 120 வண்டிகள், 120 விநாடி. அந்த 120 வண்டிகளின் டேங்குகளில் உள்ள கோடு கையால் இழுத்தது. திருவொற்றியூரில் இந்தக் கோடு இழுக்கும் கலை ஒரு குடும்பத்துச் சகோதரர்கள் கையில் இருந்தது. மெல்லிய தூரிகை, ஸ்கேல் கிடையாது, டேங்கின் வளைவோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. ஆனால் அந்தக் கம்பெனியிடமே தன் முதல் வண்டி இல்லை. 1901-ல் லண்டன் கண்காட்சியில் வைத்த முதல் மோட்டார் சைக்கிளில் ஒன்றுகூட மிஞ்சாததால், பழைய விளம்பரங்களையும் படங்களையும் பார்த்துச் சென்னையிலும் பிரிட்டனிலும் உள்ள குழுக்கள் சேர்ந்து அதைப் புதிதாகவே செய்யவேண்டி வந்தது.

காப்பாற்ற நினைத்தால் முடியும் என்பதற்கும் இதே வட்டாரத்தில் சான்று உண்டு. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதற்கு ஒரு வருஷம் முன்பு இங்கிலாந்தில் செய்த இ.ஐ.ஆர்.-21 நீராவி இன்ஜின், நூறு வருஷத்துக்கு மேல் வடக்கே காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் அதை எடுத்து வந்து, காணாமல் போன பாகங்களைத் தாங்களே செய்து, 2010-ல் தண்டவாளத்தில் ஓடவைத்தார்கள். கார்களுக்குக் கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீ.டீ. அருங்காட்சியகம் 2015-லிருந்து இருக்கிறது. வடபழனி ஏவி.எம். வளாகத்தில் 2023-ல் இன்னொன்று வந்தது. எம்.ஜி.ஆரின் 4777 அம்பாசிடர் தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது.

லாரிக்குத்தான் ஆள் இல்லை. எண்ணூரின் புகழே கோமெட் லாரியும், 1967-ல் வந்த டைட்டன் மாடி பஸ்ஸும்தான். துறைமுகத்துச் சரக்கைச் சுமந்தது ஒன்று, சென்னைக்காரர்களைச் சுமந்தது இன்னொன்று. 2021 விதி இரு சக்கர வண்டிக்கும் சொந்த உபயோகக் காருக்கும் மட்டும்தான். லாரி, பஸ் எத்தனை வருஷம் ஆனாலும் விண்டேஜ் கிடையாது. நிறுத்தி வைக்க இடம் பெரிதாக வேண்டும், டயர் மாற்றவே ஒரு தொகை ஆகும், எடைக்குப் போட்டால் கை நிறையப் பணம் வரும். இந்த மூன்றுமே லாரியின் எமன்கள். எடை அதிகம் என்பதாலேயே அது முதலில் உடைபடுகிறது. இங்கிலாந்தின் லேலண்டு ஊரில், பழைய லாரிகளுக்கும் பஸ்களுக்கும் என்றே 1983-லிருந்து ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லாரிகள் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வருஷா வருஷம் ஊர்வலம் போகின்றன. எண்ணூர் லாரிக்கு அந்த மரியாதை கிடைக்க, விதியில் பஸ், லாரிப் பிரிவுகளையும் சேர்த்து ஒரு திருத்தம் வந்தால் போதும். அந்தத் திருத்தம் வரும் நாளில் பதிவு செய்ய, 1970-க்கு முந்தைய கோமெட் ஒன்றாவது ஆர்.சி. புத்தகத்தோடு மிச்சமிருக்க வேண்டும்.